வாத்தியார் இட்டுக்கட்டிய அத்தை

ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி தரும் அந்த மாடி அறையில் அவருக்கு 'ரெண்டு நிமிஷ வாத்தியார்' என்று பட்டப்பெயர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமென்றால், தேர்வில் யாரைப் பற்றியாவது இரண்டு நிமிடம் விடாமல் பேசிக் காட்ட வேண்டும். சொந்தமாகப் பேசச் சொன்னால் பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். அந்த எரிச்சலில் அவரே ஓர் அத்தையை இட்டுக்கட்டினார். இடது காலை இழுத்து நடப்பவள், மழையில் நனைந்த பச்சைக் குடையோடு வருபவள், லிஃப்ட் என்றால் குலைநடுங்குபவள்.

"இனிமே உங்க எல்லாருக்கும் இவங்கதான் அத்தை. நெட்டுரு போடுங்க!"

அத்தை புண்ணியத்தில் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள்.

ஒரு மத்தியானம், வகுப்பு கலைந்த பிறகு, யாரோ காலை இழுத்து இழுத்துப் படியேறும் சத்தம் கேட்டது. வெளியே சுள்ளென்று வெயில். வாசலில் வந்து நின்ற அம்மாளின் பச்சைக் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"லிஃப்ட் இருக்கேம்மா" என்றார்.

"பயமுங்க. உங்களுக்குத் தெரியாததா? என்னைப் பத்திச் சொல்லிச் சொல்லியே பிள்ளைங்க எல்லாம் வெளிநாடு போயிட்டாங்க. நானும் போகணும், சேர்த்துக்குங்க."

பழக்கதோஷம், கை தானாக மேசைக் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பியது. "உங்களைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னாள். ஒரு சொல் பிசகாமல் அவர் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்ததேதான். இரண்டு நிமிடம் ஆனதும் நிறுத்திக்கொண்டாள்.

"அப்புறம்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவ்ளோதாங்க. அதுக்கு மேல நீங்க எனக்கு ஒண்ணுமே குடுக்கலையே."