பெட்டிச் சாமான் வேண்டாம்

சிமெந்துத் தரையில் ஒரு சின்ன ஸ்குரூ விழுந்து உருளும் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நாவற்குடாவில் எங்கள் வீட்டு முன்னறையில், அம்மாவின் தையல் மிசினுக்கு அடியில் ஓடிப்போன அந்த ஸ்குரூவைத் தேட நான் குனியவில்லை. ஏனென்றால் கடிகாரம் பத்து இருபதைக் காட்டியது, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாமா மூன்றாவது தடவையாகத் தொண்டையைச் செருமினார்.

எனக்கு அப்போது பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சை முடிந்திருந்தது. அப்பா கட்டாரில் வேலை. எனக்கொரு கணினி வாங்குவதென்று அம்மா தீர்மானித்ததும், அது எப்படிப்பட்டது என்பதைத் தீர்மானிக்க அம்மாவின் அண்ணன் களுதாவளையிலிருந்து வந்துவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு சீதனமாக மகளுக்குத்தான் போகும்; ஆனால் தாய்மாமனைக் கேட்காமல் அந்த வீட்டில் ஓர் ஆணியும் அடிக்க முடியாது. கடையிலிருந்து பிரிக்காமல் முழுதாக வரும் கணினியை மாமா "பெட்டிச் சாமான்" என்பார். பாகங்களாக வாங்கி நாமே பூட்டுவது அவருக்கு "ஒட்டுச் சாமான்".

"தங்கச்சி, பெட்டிச் சாமான் எண்டாத்தான் மதிப்பு. நாளைக்குப் புள்ளைக்கு ஒரு கலியாணம் வந்தா வீட்டோட சேத்து இதையும் காட்டலாம். ஒட்டுச் சாமானைக் காட்ட ஏலுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் படிக்கக் கேட்டதை, எவனோ ஒருவன் வந்து பார்த்துத் தலையாட்டுவதற்காக மேசையில் வைக்கப் போகிறார்கள்! திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒட்டுக் கடதாசி ஒட்டிய பெட்டியைத் துணி போட்டு மூடி வைப்பார்கள். எங்கள் கண்ணாடி அலமாரியில் ஒருநாளும் தேநீர் காணாத பீங்கான் கோப்பைகள் அப்படித்தான் இருந்தன. பள்ளிக்கூடத்தில் பழுதான கணினி ஒன்றைக் கழற்றிப் பூட்டிப் பழகியிருந்தேன். என்னுடையதை நான்தான் பூட்டுவேன், இல்லாவிட்டால் எனக்குக் கணினியே வேண்டாம் என்று மாமாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். அம்மா தைப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"என்ட மிசின் நிண்டா நான் ஆரையும் கூப்பிடுறனா அண்ணன்? நானேதான் கழட்டிப் பூட்டுறன். அவளும் பூட்டட்டும்."

மாமா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னர் நான் கணினியை "போட்டுக் காட்ட" வேண்டும். ஓடாவிட்டால் வாங்கிய பாகங்கள் எல்லாவற்றையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டிச் சாமான் எடுப்பது.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஸ்குரூ உருண்டது. மிஞ்சிய மூன்று ஸ்குரூக்களை வைத்துக் கணினியின் கூட்டை மூடினேன், அம்மா சந்தனப் பொட்டு வைத்தார், பத்து இருபத்தைந்துக்குச் சுவிட்சை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின, திரையோ கறுப்பாகவே கிடந்தது. "பாத்தியா? நான் அப்பவே சொன்னன்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரோடு கதைக்க மாமா டவுனுக்குப் புறப்பட்டார். அவருடைய குரலில் கவலையே இல்லை.

அழுதேன். அழுதுகொண்டே மூடியைத் திரும்பக் கழற்றினேன். நல்ல நேரத்தைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தில், புரொசஸருக்கு மின்சாரம் கொடுக்கிற சிறிய வயரைச் செருகாமலே விட்டிருந்தேன். அது விசிறிக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. செருகும்போது மணி பத்தே முக்கால். ராகுகாலத்தில் அம்மா புதுத் துணியில் கத்தரி வைக்கவே மாட்டார். பன்னிரண்டு மணிவரை பொறுத்தால், அதற்குள் மாமா கடையில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். அம்மா கலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போடு புள்ள. நல்ல நேரத்தில போட்டும் ஓடயில்லதானே."

போட்டேன். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அம்மா என் தோளைப் பிடித்த பிடி வலித்தது, அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. பெட்டிச் சாமானின் படம் போட்ட கடதாசியோடு திரும்பி வந்த மாமா திரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ராகுகாலத்திலயா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பாகங்கள் வாங்கிய கடையில் இப்போது போன் உறைகள் தொங்குகின்றன. புது மடிகணினிகளைப் பசை வைத்து ஒட்டி விற்கிறார்கள், திறக்க ஒரு ஸ்குரூவைக்கூட வெளியே காணவில்லை. பழுதானால் எறிந்துவிட்டு வேறு வாங்கு என்கிறார்கள். நான் எறிவதாயில்லை. என் கணினியின் உள்ளே எத்தனையோ பாகங்களை மாற்றிவிட்டேன், கூடு அதேதான். எனக்குக் கலியாணம் பேசியபோது மாமா வீடு, அலமாரி, கட்டில் என்று சீதனப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் "கொம்பியூட்டர்" என்றும் எழுதினார்.

"அதை வெட்டுங்க மாமா. அது சீதனமில்ல, என்ட."

இம்முறை அவர் தொண்டையைச் செருமவில்லை, வெட்டினார். கூட்டின் பின்பக்கத்தில் இன்றைக்கும் மூன்று ஸ்குரூதான். நாலாவதை நான் தேடவேயில்லை. அடிக்கடி திறக்கிற பெட்டிக்கு மூன்று போதும்.