சித்தப்பா கேட்ட பத்து சென்ட்

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது புகைதான். மே மாதக் கடைசி. சருகு, சுள்ளி, காய்ந்த சாணி எல்லாவற்றையும் நாற்றங்காலில் பரப்பி, மேலே கொஞ்சம் மண் தூவி, தீ வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரப்பில் நிற்கிறார். புனேயிலிருந்து லோனாவ்ளா போகும் வழியில் இருக்கிற மாவல் பக்கத்தில், நெல் விதைப்பதற்கு முன்னால் நாற்றங்காலை இப்படிச் சுட்டுத்தான் தயார் செய்வார்கள். தாமிரபரணி வாய்க்கால் தண்ணீரில் உழுது பழகிய எங்கள் குடும்பத்துக்கு மண்ணைக் கொளுத்துவது கிறுக்குத்தனமாகத்தான் தோன்றும். "ஏ பிள்ள, நம்ம ஊர்ல போயி இதச் சொன்னா என்னய மரத்துல கட்டிப் போட்டிருவாங்க" என்று சொல்லிச் சிரித்தார். டிப்போவில் கொடுத்த காக்கிக் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். முகமெல்லாம் சாம்பல். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்தது குறைவு. அந்த வயல் அவருடையது இல்லை என்பதும், ஏன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் என்னால் அவரோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

சித்தப்பா தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர்கீப்பர். முப்பது வருடம் அங்கேயே இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் புனேயில் வங்கி வேலை கிடைத்தபோது, "தம்பி வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதுக்கு?" என்று அப்பா என்னை அவர் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். இரண்டு அறை வீடு. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் குழந்தை இல்லை. காலையில் லோக்கல் ரயில் பிடித்து சிவாஜிநகர் போவேன். சாயங்காலம் அதே லோக்கலில் திரும்புவேன். நான்கு வருடம் அவர்கள் பெண்ணாகவே இருந்தேன்.

சித்தப்பாவுக்கு விதிமுறை என்றால் உயிர். டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. பூட்ஸ் கிழிந்துவிட்டது, மண்வெட்டி வளைந்துவிட்டது என்று யார் வந்து நின்றாலும், பழையதைக் கொண்டுவந்து ஒப்படைத்த பிறகுதான் புதியதைக் கொடுப்பார்கள். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சித்தி புது விளக்குமாறு கேட்டால், பழைய விளக்குமாற்றை முன்னால் வைத்துக்காட்ட வேண்டும். "பழசக் குடுத்தாத்தான் புதுசு" என்பார். "அப்ப என்னயக் குடுத்துட்டுப் புதுசா ஒருத்தியக் கேட்டு வாங்கிக்கிடுங்க" என்று சித்தி முகத்தை நொடிப்பாள். நாங்கள் சிரித்துத் தீர்த்த அந்தப் பழக்கம்தான் பின்னால் அவரைக் கவிழ்த்தது.

டிப்போவில் அவருக்குக் கீழே வேலை பார்த்த மராட்டியர் ஒருவர், தளேகாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் வருகிற ஒரு கிராமத்துக்காரர். ஊரின் பெயரைச் சொன்னால் தளேகாவிலேயே பாதிப்பேர் நெற்றியைச் சுருக்குவார்கள். அவரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு உருவம் மனதில் வரும். இவரோ நாயைக்கூட "போ" என்று சத்தமாகச் சொல்லாத மனிதர். ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை எங்களை ஊருக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூன்று பக்கமும் மலை, மலை முழுக்க வெள்ளைக் கோடாக அருவி, கீழே படிப்படியாக நெல்வயல். பெண்கள் தலையிலிருந்து முதுகுவரை சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். தாதா தன் வயலின் கீழ்மடைப் பகுதியைக் காட்டி, "இதில் ஒரு ஏக்கரை விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா சித்தியிடம், "எல்லாத்துலயும் சர்க்கார் முத்திரை குத்திக் குத்தியே காலம் போச்சு. எம் பேரு எழுதுன பொருள் ஒண்ணுகூட இல்ல" என்றார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எங்கே இருப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் தப்பு. ஊரில், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தாத்தா வழியில் அவருக்கு முக்கால் ஏக்கர் நஞ்சை இருந்தது. அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வாங்குவது என்று முடிவாகித் தாதாவிடம் முன்பணம் கொடுத்ததும், லீவு போட்டு ஊருக்குப் போய், அந்த முக்கால் ஏக்கரையும் அப்பா பெயருக்கே கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பழையதை ஒப்படைத்தால்தானே புதியது? கையில் அல்வாப் பொட்டலத்தோடு திரும்பி வந்தவர், ஒரு வாரம் முழுக்கக் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார்.

தலாட்டி என்று மராட்டியில் சொல்லுகிற கிராம நிர்வாக அதிகாரியைப் பார்க்க ஒரு சனிக்கிழமை போனோம். பேச்சுத் துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். அவருடைய மராட்டி டிப்போ மராட்டி. பாதி இந்தியில் வழுக்கிவிடும். தலாட்டி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தேநீர் வரவழைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் விவசாயியா?" மகாராஷ்டிரத்தில் விவசாய நிலத்தை விவசாயிதான், அவர்கள் பாஷையில் ஷேத்கரிதான், வாங்க முடியும். ஏற்கனவே பெயரில் நிலம் இருக்க வேண்டும். அது எந்த மாநிலமாக இருந்தாலும் சரி, பத்து சென்ட்டாக இருந்தாலும் சரி, காகிதம் இருந்தால் போதும் என்றார். சித்தப்பா தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு தன் ஓட்டை மராட்டியில், "போன மாசம் வரைக்கும் விவசாயியாத்தான் இருந்தேன்" என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

அந்தத் தைக்கு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. தீபாவளிக்கு நான் ஊருக்குப் புறப்பட்டபோது, தேஹு ரோடு ஸ்டேஷனில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு சித்தப்பா என்னிடம் கேட்டார். "அண்ணாச்சிட்ட நீ சொல்லணும். பத்து சென்ட் போதும். வாய்க்கா ஓரத்துல உதவாத துண்டா இருந்தாலும் சரி, எம் பேருக்குத் திருப்பி எழுதிக் குடுக்கச் சொல்லு. அதுக்கு உண்டான பணத்த நான் குடுத்துருதேன். எனக்குக் கேக்க நா எழமாட்டேங்கு. நீ கேட்டா அவரு தட்ட மாட்டாரு." எங்கள் குடும்பத்தில் தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்து எதையும் கேட்டுப் பழக்கமில்லை. பெரிய விஷயமெல்லாம் யாராவது ஒருவர் வாய்வழியாகத்தான் போகும். நான் சரி என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

நான் கேட்கவில்லை. ஊரில் கல்யாண வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. துண்டு துக்காணி இல்லாமல் ஒன்றரை ஏக்கர் ஒரே வளைவாக இருக்கிறது என்று அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த நிலத்தின்பேரில்தான் பாங்கில் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தார். இந்த நேரத்தில் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டு என்று சொன்னால் வீடு ரெண்டுபடும் என்று பயந்தேன். அப்பாவின் கோபம் எனக்குத் தெரியும். கல்யாணம் நின்றுபோகுமோ என்றுகூடத் தோன்றியது. இன்று சொல்லும்போது இதெல்லாம் அற்பமாக இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. பத்து நாளும் "நாளைக்குக் கேட்போம்" என்று தள்ளிப்போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

சித்தப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "கேட்டேன் சித்தப்பா. இப்ப முடியாதுன்னு அப்பா சொல்லிட்டாங்க" என்றேன். கேட்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். "அப்படியா? சரி, விடு" என்றார். வழியில் நின்று எனக்குப் பிடித்த வடாபாவ் வாங்கிக் கொடுத்தார்.

வேறு யாரிடமாவது ஒரு துண்டு நிலம் வாங்கிக் காட்டலாமே என்று சித்தி எத்தனையோ தடவை சொன்னாள். "கூடப் பொறந்தவரே முடியாதுன்னுட்டாரு. ஊரான் மண்ணக் காட்டியா நான் விவசாயின்னு சொல்லணும்?" என்றார். அந்தப் பிடிவாதம் என் பொய்யிலிருந்து வந்தது. என் கல்யாணத்துக்கு வந்தார். சித்தப்பா முறைக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ ஒன்று விடாமல் செய்தார். அப்பாவிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. டவுனுக்குப் போய்த் தம்பிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டார். அண்ணனுக்கு மனசு கல்லாகிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். நடுவில் நான் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன்.

ரிட்டயர் ஆனதும் சித்தப்பா தாதாவின் கிராமத்துக்கே போனார். வயல் வாங்கத்தான் விவசாயியாக இருக்க வேண்டும். ஊருக்குள் வீடு வாங்க யாரும் எதுவும் கேட்பதில்லை. கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். "வயல் என் பெயரிலேயே இருக்கட்டும், பணம் கொடுத்துவிட்டு நீங்கள் ஆண்டு அனுபவியுங்கள்" என்று தாதா சொன்னார். காகிதம் இல்லாமல் எதையும் எடுத்துக்கொள்ள சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அதே கீழ்மடையை, விளைச்சலில் பாதி தாதாவுக்கு என்று, வாரத்துக்குப் பார்த்தார். நான் பார்த்த புகை அந்த முதல் வருடத்துப் புகை. மழைக்காலத்தில் நாலு மாதம் வீட்டுக்குள் துணி காயாது. சித்திக்கு மூட்டுவலி கண்டது. பேச்சுத் துணைக்குத் தமிழ் இல்லை. "எனக்கு இங்கன ஆகாது" என்று அழுதிருக்கிறாள். ஆனால் அறுவடை முடிந்து புது அரிசி வீட்டுக்கு வந்தால், அதன் வாசனையில் அவளும் கொஞ்சம் சமாதானமாவாள். ஊரார் அவரை அண்ணா என்று கூப்பிட்டார்கள். எப்போது விதைக்கலாம் என்று அவரிடமே யோசனை கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

மும்பைக்குப் புது விரைவுச் சாலை வந்தது. அதன் பிறகு கார்களில் ஆட்கள் வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். தாதா ஆறேழு வருடம் தாக்குப்பிடித்தார். பிள்ளைகளின் நெருக்கடி தாங்காமல் கடைசியில் கீழ்மடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிறவர். எங்கோ ஒரு மூலையில் பாட்டன் சொத்து பத்து சென்ட்டோ பதினைந்து சென்ட்டோ அவருக்கு இருந்ததாம். அதைக் காட்டி வாங்கினார். சுற்றிலும் சுவர் எழுப்பி, இரும்புக் கதவு போட்டுவிட்டு, ஒரு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. வயலில் ஆளுயரத்துக்குப் புல். சித்தப்பா தினமும் காலையில் போய்க் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார் என்று சித்தி ஃபோனில் சொன்னாள். எனக்கு அவரிடம் பேசத் தைரியம் வரவில்லை. அடுத்த மழைக்கு நெஞ்சுவலி வந்தது. தளேகாவ் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் பஞ்சாயத்து ஆபீசில் இறப்பைப் பதிவு செய்யப் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும், தாதாவும் கூட வந்தார்கள். பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்த கிராமசேவக், தொழில் என்ன என்று கேட்டார். மத்திய அரசு ஓய்வூதியர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாதா பின்னாலிருந்து, "ஷேத்கரி. ஷேத்கரி என்று எழுதுங்கள்" என்றார். கிராமசேவக் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிவிட்டார். காகிதம் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், உள்ளே என்ன எழுதினார்கள் என்று அப்பா கேட்டார். "விவசாயின்னு எழுதியிருக்காங்க" என்றேன். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். "அவன் எப்ப விவசாயம் பாத்தான்? நிலமே வேண்டாம்னுதான எங்கிட்ட தள்ளிவிட்டுட்டுப் போனான்?" என்றார். நான் தலாட்டி கேட்ட கேள்வியை மட்டும் சொன்னேன். நிலம் இல்லாததால் நிலம் வாங்க முடியாமல் போனதை மட்டும் சொன்னேன். அப்பா, "கிறுக்குப் பய. ஒரு வார்த்த கேட்டிருந்தா முக்கா ஏக்கரையும் திருப்பி எழுதிருக்க மாட்டேனா? எந் தம்பிதானளா அவன்?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவும் போய்விட்டார். அந்த நிலம் இப்போது என் பெயரில் இருக்கிறது. மாவலில் எங்கே வேண்டுமானாலும் நிலம் வாங்கலாம் மேடம், நீங்கள் விவசாயி என்று தரகர் ஒருவர் வாரம் தவறாமல் ஃபோன் செய்கிறார். நாற்றுமுடியை நான் கையால் தொட்டதுகூட இல்லை. சித்தி என்னோடுதான் இருக்கிறாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடும்போது சில நாள் பழைய பேச்சு வரும். "என்ன இருந்தாலும் உங்கப்பா அன்னைக்கு மனசு வச்சிருக்கலாம்" என்பாள்.

"ஆமா சித்தி" என்று சொல்லிவிட்டு நான் தேய்த்துக்கொண்டிருப்பேன்.