டிஞ்சர் பட்ட முழங்கை

பள்ளிப் பாடத்துக்காக மகள் சோற்றுப் பருக்கையில் ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டாள். பழுப்பு நிறம் கண்ணெதிரே கருநீலமானது. அந்த வாடை என்னை ராயபுரத்து ஒற்றை அறை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்பா ஹார்பரில் கிளார்க். கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த வெள்ளை முழுக்கைச் சட்டை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். ஒருநாள் காலை, குழம்பில் உப்பு கூடிப்போனதற்காகப் பூட்டை எடுத்து அம்மாவின் நெற்றியில் அடித்தார். அவள் பஞ்சில் டிஞ்சரை நனைத்துக் காயத்தில் வைத்து, எரிச்சலில் கத்தினாள். கத்தியதற்காக அந்த ஈரத்தின் மேலேயே முழங்கையால் இடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் அம்மாவின் அண்ணன் காசிமேட்டிலிருந்து வந்துவிட்டார்.

"குழாயடியில வழுக்கி வுந்துட்டா. நான் அப்போ வூட்லயே இல்ல," என்றார் அப்பா.

"முழங்கையில இன்னா நீலம், மச்சான்?"

அப்பா அப்போதுதான் அதைப் பார்த்தார். "ஆபீஸ் இங்க்கு."

அம்மா டிஞ்சர் பாட்டிலை எடுத்துவந்து அவருடைய சட்டையின் மறு கையில் ஒரு சொட்டு விட்டாள். கஞ்சியில் பட்டதும் அதுவும் அதே நீலமானது.

மாமா அடித்த அடியில் அப்பாவின் முன்பல் சுவரில் தெறித்தது. எனக்கு அது போதவில்லை.

மறுநாளிலிருந்து அவர் சட்டைகளுக்கு அம்மா கஞ்சியை இன்னும் கெட்டியாகப் போட்டாள். டிஞ்சர் பாட்டிலைக் காலியாக விட்டதுமில்லை.

"இத்த வெச்சு இன்னாப்பா கண்டுபுடிக்கலாம்?" என்று மகள் கேட்டாள்.

"அடிச்சது யாருன்னு கண்டுபுடிக்கலாம்," என்றேன்.