கிருமிக்குச் சோறு போடும் வேலை

கல்ச்சர் லேபில் வேலை பார்க்கிறவர்களின் தலையெழுத்து என்னவென்றால், உலகமே கிருமியைக் கொல்ல அலையும்போது நாங்கள் மட்டும் அதற்குச் சத்தான ஆகாரம் போட்டு, கதகதப்பாகப் படுக்கவைத்து, காலையில் வந்ததும் வராததுமாக "வளர்ந்திருக்கிறதா?" என்று ஆசையாக எட்டிப் பார்க்க வேண்டும். பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. நோயாளியின் சிறுநீரோ, ரத்தமோ, சீழோ வரும். அதில் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைப்போம். வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வெற்று வட்டம் விழுந்தால் அந்த மருந்து கேட்கும். ரிப்போர்ட்டில் 'எஸ்' போடுவோம். வில்லையை ஒட்டிக்கொண்டு மொழுமொழுவென்று வளர்ந்திருந்தால் கேட்காது, அதற்கு 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட்.

காய்ச்சல் இறங்கியதும் மிச்ச மாத்திரையை அலமாரியில் பத்திரப்படுத்திய எல்லோருக்கும் இதெல்லாம் சொந்தக் கதைதான். நீங்களும் அந்தக் கூட்டம்தானே? மறுக்க வேண்டாம்.

பத்து ஆர், இரண்டு எஸ்

வைட்ஃபீல்டில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். முதுகில் கட்டி வந்து, சீழைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவர் ஐந்து நிமிஷத்தில் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். "மேடம், பன்னிரண்டில் பத்து ரெசிஸ்டன்ட்! நான் தினமும் காலையில் ஓடுவேன், கஷாயம் குடிப்பேன். அதான் எதிர்ப்பு சக்தி இவ்வளவு இருக்கு, இல்லையா?" என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. எதிர்ப்பு சக்தி உங்களுடையது இல்லை சார், அந்தக் கிருமியுடையது. பத்து மருந்துக்கு அது அசையாது, மீதி இரண்டில் ஒன்றைத்தான் டாக்டர் எழுதுவார், அது போதும், குணமாகிவிடும் என்று சொன்னேன். மனிதர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இதெல்லாம் அது வாங்கின மார்க்கா? நான் ஃபெயிலா மேடம்?"

ஒரு கம்பிப் பதம்

சிவகுமார் வாடகைக் கார் ஓட்டுபவர். முப்பத்திரண்டு வயது, சர்க்கரை கிடையாது, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பத்து நாள் காய்ச்சலோடு வந்து விழுந்தார். ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சீழ்க்கட்டி. இவ்வளவு திடமான ஆளை அப்படிச் சாய்த்தது எது என்று யாருக்கும் புரியவில்லை. அவர் மனைவி லேப் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்தே ரிசல்ட்டைத் தெரிந்துகொள்ளப் பார்த்தார்.

மறுநாள் காலையில் தட்டைத் திறந்தது என்னோடு வேலை பார்க்கும் நாகரத்னா. மண்டியாக்காரி, என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். வளர்ந்திருந்த புள்ளியைக் கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினாள். அது பிசுபிசுவென்று நூல் மாதிரி நீண்டுகொண்டே வந்தது. நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமியின் நெருங்கிய உறவுதான் அது. ஆனால் சில ஜீன்கள் கூடுதலாகக் கிடைத்ததால் உடம்பைச் சுற்றிக் கொழகொழவென்று தடித்த போர்வை போர்த்திக்கொண்டிருந்தது. பிடித்து விழுங்க வரும் வெள்ளை அணுக்களுக்கு அது வழுக்கிக்கொண்டு போய்விடும். ரத்தத்தில் இறங்கி எங்கு வேண்டுமானாலும் போய்க் குடியேறும்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருந்தது. மூர்க்கம் வேறு, மருந்துக்கு மசியாமை வேறு. வில்லைகளை வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாமே எஸ்! சீழை எடுத்துவிட்டு, சில வாரம் சாதாரண மருந்தையே கொடுத்தார்கள். சிவகுமார் எழுந்துவிட்டார். வீட்டுக்குப் போகிற அன்று எங்களிடம் வந்து, "என்னை அடிச்சுப் போட்டது எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார். "ஒரு கம்பிப் பதம் அண்ணா, லட்டு பிடிக்கலாம்" என்றாள் நாகரத்னா. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "போங்கம்மா, இனிமே லட்டு பக்கமே போக மாட்டேன்."

பன்னிரண்டு பேர் எழுந்த கதை

கன்னியம்மா பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் தையல்காரர். நீர்க்கடுப்பு என்று அந்த வருஷத்தில் மூன்றாவது தடவையாக வந்திருந்தார். தண்ணீர் குடிப்பீர்களா என்று கேட்டேன். "குடிச்சா பாத்ரூம் போவணும். போனா மெஷின் நிக்கும், சூப்பர்வைசர் கத்துவாரு. அதனால வீட்டுக்குப் போயிதான் தண்ணி" என்றார். எரிச்சல் வந்தால் பக்கத்து மெஷின்காரி கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை. அவளுக்குச் சளி என்றால் இவர் பையிலிருந்து இரண்டு. அந்த வரிசையில் பன்னிரண்டு பெண்களுக்கும் இப்படித்தான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

ரிசல்ட் வந்தபோது வரிசையாக ஆர். கன்னியம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எனக்கு இனிமே மருந்தே இல்லையா மேடம்?" என்றார். உட்காரவைத்துச் சொன்னேன். தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் குடலில் இருக்கும் சாதுக் கிருமிகளைக் கொன்றுவிட்டு, தாக்குப்பிடித்தவற்றுக்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. அவையும் சும்மா இருப்பதில்லை, தப்பிக்கும் வித்தையைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்குக்கூடக் கொடுத்துவிடும், அவ்வளவு ஒற்றுமை. ஆனால் பட்டியலில் கடைசியில் ஒரு பழைய மாத்திரைக்கு எஸ் இருந்தது. டாக்டர் அதை எழுதினார். கன்னியம்மா ஒரு வேளை விடாமல் முடித்தார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தபோது தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. ரிப்போர்ட் வாங்க வந்தவர், டிபன் டப்பா ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். திறந்தால் கலர் கலராக மாத்திரை அட்டைகள். பன்னிரண்டு பேர் கைப்பையையும் காலி செய்து கொண்டுவந்திருந்தார். அது மட்டுமில்லை. தன் பழைய ரிப்போர்ட்டை சூப்பர்வைசரிடம் காட்டிவிட்டு, பதினொரு மணிக்குப் பன்னிரண்டு பேரும் ஒன்றாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்கள். அவர் தடுக்கவில்லையாம். இப்போது அது தினசரி வழக்கம். எப்படி இவ்வளவு தைரியம் வந்தது என்று கேட்டேன். "கிருமிங்க ஒண்ணுக்கொண்ணு கைகுடுக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்களுக்கு மட்டும் அது வேணாமா மேடம்?"

இரண்டு வில்லைகளுக்கு நடுவே

மர்பி டவுனைச் சேர்ந்த பிளம்பர் பிரபுவுக்கும் அவர் மனைவி ரேவதிக்கும் பிறந்த குழந்தை. ஏழாம் மாதமே பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஒன்பதாம் நாள் பால் குடிக்க மறுத்தது, உடம்பு சில்லிட்டது. ரத்தத்தில் வளர்ந்த கிருமிக்கு நாங்கள் வைத்த அத்தனை வில்லைகளும் ஆர். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தட்டை நான் பார்த்ததில்லை. எங்கள் டாக்டர் சாந்தலா தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தனித்தனியாக் கேக்காத ரெண்டு மருந்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம் நோடம்மா" என்றார், கன்னடம் கலந்த தன் தமிழில்.

அடுத்த நாள் காலை வழக்கத்துக்கு முன்பே லேபுக்கு ஓடினேன். இரண்டு வில்லைகளுக்கும் வெளிப்பக்கம் கிருமி மண்டிக் கிடந்தது. நடுவில் மட்டும், இரண்டும் சந்திக்கிற இடத்தில், துடைத்துவிட்ட மாதிரி ஒரு வெற்றிடம். விரல் நகம் அளவுதான் இருக்கும். நான் போனில் கத்திய கத்தலில் டாக்டர் சாந்தலா யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். இரண்டு மருந்தையும் சேர்த்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் குழந்தை பால் கேட்டு அழுதது.

ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது? பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் மலத்திலும் அதே கிருமி இருந்தது. படுக்கை, கருவிகள், சோப்பு பாட்டில், எங்கள் எல்லோருடைய கைகள் என்று ஒத்தி எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் சிக்கவில்லை. தினமும் கைகழுவிவிட்டுக் குழந்தையைப் பார்க்கப் போகும் பிரபுதான் ஒருநாள் நர்ஸிடம் சொன்னார்: "சிஸ்டர், குழாய்த் தண்ணி நேரா சிங்க் ஓட்டை மேல விழுது. உள்ள இருக்கற அழுக்கெல்லாம் மேடைக்குத் தெறிக்குது. யாரு வெச்சது இது?" அந்த மேடையில்தான் பால் கிண்ணங்களைக் கவிழ்த்து வைப்பார்கள். சிங்க்கின் வாயிலிருந்து வழவழப்பைச் சுரண்டி எடுத்து வளர்த்தோம். அதே கிருமி. வார்டில் புழங்கிய மருந்துகளின் மிச்சமெல்லாம் அந்தக் கழிவுக் குழாய்க்குள் போய், தாக்குப்பிடித்தவை ஒன்றோடொன்று வித்தையை மாற்றிக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

மறைக்கலாம் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். டாக்டர் சாந்தலா கேட்கவில்லை. பிரபுவையும் ரேவதியையும் உட்காரவைத்து நடந்ததை அப்படியே சொன்னார். ரேவதி அழுதார். அதன் பிறகு அந்த வார்டில் சிங்க்கை மாற்றினார்கள், கிண்ணங்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். அந்தக் கிருமி மறுபடி தலைகாட்டவில்லை. பக்கத்துக் குழந்தைக்கும் நோய் வரவில்லை. அன்று பிரபு எழுந்து போகும்போது சொன்னது மட்டும் என் காதிலேயே இருக்கிறது. "கோவம் இருக்கு மேடம், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா புது சிங்க் வெக்கறப்ப நான் கூட நிப்பேன், அவ்ளோதான்."

என் தொண்டை

கடைசியாக ஒரு வாக்குமூலம். போன மழைக்காலத்தில் எனக்கே தொண்டை கட்டிக்கொண்டது. ஊர் முழுக்க அறிவுரை சொல்கிற நான், மேஜை இழுப்பறையில் கிடந்த ஆன்டிபயாடிக்கில் ஒன்றை வாயில் போடப் போனேன். நாகரத்னா பார்த்துவிட்டாள். மாத்திரையைப் பிடுங்கி வைத்துவிட்டு, "ஆ காட்டுங்க அக்கா" என்று பஞ்சுக்குச்சியால் தொண்டையில் ஒத்தி எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்துத் தட்டோடு வந்தாள். அதற்குள் தொண்டையும் தானாகவே பாதி சரியாகியிருந்தது. முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு ரிசல்ட் சொன்னாள்: "நோயுண்டாக்கற கிருமி எதுவும் இல்ல அக்கா, வெறும் வைரஸாத்தான் இருக்கும். நாலு நாள் பேசறதைக் குறைச்சா போதும்."

இருபது நிமிஷத்துக்கு ஒரு தலைமுறை கண்டுவிடுகிற ஜீவனோடு, டீ இடைவேளையும் ஞாயிற்றுக்கிழமை லீவும் எடுத்துக்கொண்டு, மெட்ரோ நெரிசலில் நசுங்கி வந்து மல்லுக்கு நிற்கிற நாங்கள் இன்னும் தோற்கவில்லை என்பதை நினைத்தால், கிருமிக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.