ஆடு தின்ற சர்க்கரைப் பொங்கல்

வெளிமாநிலத்துக்கு வந்து, தளேகாவ் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, நான்கு ஆடுகள் வளர்க்க ஆரம்பித்த முதல் வருடம் அது. மாட்டுப் பொங்கலன்று வீட்டில் மாடு இல்லையே என்று, சினை ஆட்டுக்குப் பொட்டு வைத்து, கிண்ணம் கிண்ணமாகச் சர்க்கரைப் பொங்கலை ஊட்டினேன். அது ஆசையாகத் தின்பதை வீடியோ எடுத்துச் சொந்த ஊரான கோயம்புத்தூருக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அதன் வயிறு உப்பிவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தபடி படுத்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து சுனந்தா அக்கா ஓடி வந்தார். அதற்குள் கால்நடை டாக்டருக்கு போன் போட்டிருந்தேன்.

“என்ன தின்னுச்சு?” என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

“வழக்கமான தழைதான் சார்.”

படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

அக்கா குனிந்து ஆட்டின் வாயை முகர்ந்தார். நெய் வாசனை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு போனை வாங்கினார்.

“டாக்டர், நான்தான் இனிப்புச் சோறு போட்டுட்டேன். இவங்களுக்குத் தெரியாது.”

“இத்தனை வருஷமா ஆடு வளர்க்கிறீங்க, இதுகூடத் தெரியாதா?” என்று டாக்டர் கத்தியது எனக்கே கேட்டது. டாக்டர் வந்து சேரும்வரை, அவர் சொன்னபடி அக்கா ஆப்பசோடாவைக் கரைத்துப் புகட்டிக்கொண்டிருந்தார். ஆடு பிழைத்தது, குட்டியும் பிழைத்தது.

இன்றும் டாக்டர் வந்தால், “சோறு எதுவும் போடலையே?” என்று அக்காவைத்தான் கிண்டல் செய்கிறார். அக்கா சிரிக்கிறார். நான் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

இப்போதுகூட, அவர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாத தமிழில்தான் இதை எழுதுகிறேன்.