பூட்டு சாரின் முகவரி

இணையதளம் வைத்திருப்பவரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டொமைன் பதிவு என்பது ஊரறிந்த சங்கதி. பிறகு தனியுரிமைச் சட்டம் வந்தது. அந்தப் பதிவுகளைச் செய்துகொடுக்கும் நிறுவனமொன்றில், ஜன்னல் திறக்காத மூன்றாவது மாடி அறையில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஒரே மதியத்தில் நாற்பதாயிரம் பேரின் விவரங்களை மறைத்தார். அன்று முதல் அவர் பூட்டு சார்.

யாருடைய விவரமாவது வேண்டுமென்றால் காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மோசடி, வழக்கு என்றால் பரிசீலனை. உறவு, பழைய நட்பு என்றால் மூன்று வரியில் மறுப்பு. காரணம் தேறாவிட்டால் உரிமையாளரின் பதிவைத் திறந்தே பார்க்கக்கூடாது; அவருக்குச் சொல்லவும் வேண்டாம்; கேட்டவரின் பெயரை முப்பது நாளில் அழித்துவிட வேண்டும். கேட்டவருக்கும் தனியுரிமை உண்டல்லவா? இந்த விதிகளை எழுதியவர் பூட்டு சார்தான். ஓட்டை இருக்கிறதா என்று அவரே தேடிப் பார்த்துத் தோற்றிருக்கிறார்.

ஊருக்கெல்லாம் கதவைச் சாத்தியவரின் கதவைத் தட்ட ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேசாமலே கழிந்து, திங்கள் காலை லிஃப்டில் "மூணாவது" என்று சொல்லும்போது குரல் கரகரக்கும்.

அவருக்கும் ஒரு தளம் உண்டு. சைக்கிள் பழுதுபார்ப்பதைப் பற்றித் தம்பியோடு சேர்ந்து தொடங்கியது. பன்னிரண்டு வருடம் முன்பு தம்பி பதிவைத் திறந்து பார்த்தான். அதில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. எழுதுறது நான், பேரு உனக்கா என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். தளத்திலிருந்த மின்னஞ்சல் அவனுடையது. அதுவும் அவனோடு போயிற்று. அண்ணன் இந்த வேலைக்கு வந்ததே அவனுக்குத் தெரியாது. ஆனால் பதிவைப் பார்க்கத் தெரியும். அதனால் வீடு மாறும்போதெல்லாம் பூட்டு சார் முதலில் அதில்தான் முகவரியை மாற்றினார்; வங்கியில்கூட அப்புறம்தான்.

அந்த மதியம் மறைந்த நாற்பதாயிரத்தில் இதுவும் ஒன்று. உரிமையாளர் பதிவிலுள்ள சிறு கட்டத்தில் டிக் போட்டுச் சம்மதித்தால் மறுபடி எல்லோருக்கும் காட்டலாம். போடவில்லை. முன்பு முகவரி தெரிந்தது அன்றைய விதியினால், அவராகக் காட்டியதல்ல. அவர் காத்திருப்பதாக யாரும் சொல்ல முடியாது. டிக் போட்டால் வா என்று கூப்பிட்டதாகிவிடும். மூத்தவன் எப்படிக் கூப்பிடுவான்?

மறுக்கப்பட்ட விண்ணப்பங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை அவர் சரிபார்ப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தாம் பக்கத்தில் சைக்கிள் தளம் இருந்தது. காரணம்: உறவு. முடிவு: மறுப்பு. கேட்டவர்: அழிக்கப்பட்டது. விண்ணப்பம் வந்து முப்பத்துநான்கு நாள் ஆகியிருந்தது.

மறுத்தவள் எதிர் மேசைப் பெண். காகிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"இது என் சைட்மா."

அவள் காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "யாருன்னு சொல்லக்கூடாது சார். நீங்க போட்ட ரூல்."

"நான் கேக்கலையே."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அதுதான் சரி என்று அவர் பாராட்டினார். பாராட்டிவிட்டு அங்கேயே நின்றார். அவள் தட்டச்சு செய்வதுபோல் கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள்.

"காரணம் எழுதற கட்டத்துல இடம் பத்தல சார். அடுத்த கட்டத்துலயும் எழுதியிருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோவமா எழுதல."

விதிப்படி இது தகவல் கசிவு. மூன்று நாளுக்குள் அறிக்கை எழுத வேண்டியவர் பூட்டு சார். கோபமின்மை தனிப்பட்ட விவரமாகுமா என்று யோசித்தார். ஆகும் என்றுதான் பட்டது. அறிக்கைப் படிவத்தைத் திறந்தார். ஒரு எழுத்தும் எழுதாமல் மூடினார். தன் பதிவைத் திறந்தார். உங்கள் முகவரியும் எண்ணும் உலகில் எவருக்கும் தெரியும், சம்மதமா என்று அது தடித்த எழுத்தில் கேட்டது. மறுப்பு வாங்கிக்கொண்டு போனவன் இன்னொரு முறை வந்து பார்ப்பானா என்பதற்குப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

டிக் போட்டார்.

மதியத்துக்குள் அவர் செல்போனுக்கு மூன்று அழைப்புகள் வந்தன. மூவரும் ஏதோ விற்பவர்கள். மூன்றையும் முதல் மணியிலேயே எடுத்தார்.