சித்தி விதைத்த வெண்டை

எங்கள் சித்தி ஜவ்வாது மலைக்கு வாழ வந்த முதல் வருஷமே கார்த்திகையில் வெண்டை விதைத்தார். கீழே கலசப்பாக்கம் பக்கத்துப் பெண். கிணற்றுத் தண்ணீரில் விவசாயம் பார்த்து வளர்ந்தவருக்கு எந்த மாதமும் வெண்டைக்கு நல்ல மாதம்தான். நாங்களோ ஆடியில் விதைப்போம். தவறினால் குளிர் விடும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம்.

"இந்தக் குளிர்ல வராதும்மா" என்றார் அப்பா.

"எங்கூட்ல வருதே மாமா" என்றார் சித்தி.

வெண்டையும் அவருக்கு மரியாதை கொடுத்து முளைக்கத்தான் செய்தது. ஆனால் மார்கழிப் பனியில் சாண் உயரத்தோடு குந்திக்கொண்டது. இலை வெளுத்தது, விட்ட இரண்டொரு பிஞ்சும் சுருண்டது.

"இன்னா, உன் வெண்டிய பறிக்கணும்னா குனிஞ்சா பத்தாது, படுக்கணும் போலக்கீதே" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தோம். சித்தி சிரிக்கவில்லை. பொங்கலுக்குப் பிறந்த வீடு போனவர் திரும்பி வரவேயில்லை. சித்தப்பா தினமும் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறி நின்று போன் போட்டார். சித்தி எடுக்கவில்லை. ஊரையே கேலி செய்கிற மனுஷன் சாமைச் சோற்றைப் பிசைந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தை கடைசியில் குளிர் விட்டதும் அந்தச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே பாத்தியில் புது விதை ஊன்றினார். பாத்திரம் கழுவிய தண்ணீரை நான் சுமந்து ஊற்றினேன். மாசி வெயிலில் செடிகள் கிடுகிடுவென வளர்ந்தன. பங்குனியில் காய் பிடித்ததும் அம்மாவே மலை இறங்கிப் போய், "உன் வெண்டி காய்ச்சிருக்கு, வந்து பறிச்சிக்க" என்று சித்தியைக் கையோடு கூட்டி வந்தார்.

சித்தி பாத்தியில் குனிந்து செடிகளின் அடியைப் பார்த்தார். "நான் குழிக்கு ஒண்ணுதானக்கா போட்டேன். இதுல ரெண்டு ரெண்டா கீதே?"

"குளுருக்குத் துணை சேத்துக்கிச்சி போல" என்றார் அம்மா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சித்திக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். காய் காய்த்ததற்குப் போய் யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியம்.

அதற்குப் பிறகு அவர் எங்களை விட்டுப் போகவில்லை. எனக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே கிடந்தவரும் அவர்தான், அடம்பிடித்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பவைத்தவரும் அவர்தான். அந்தச் சித்தி திரும்பக் கிடைத்ததற்கு அன்றைக்கு நான் நன்றி சொன்னது வெண்டைக்காய்க்கு.